வெறும் தண்ணீருக்குத் தீனி

பை மிதந்துகொண்டிருந்தது. "கால் மணி நேரமாவது அப்படியே மிதக்கட்டும்மா, அவசரப்பட்டு அவுத்துடாதீங்க" என்று மீன்கடை அன்சாரி பாய் இரண்டு தரம் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு தரம் சொன்னால் இந்த அம்மா கேட்கமாட்டாள் என்று போன தடவை நடந்ததை வைத்து அவர் முடிவுகட்டியிருக்க வேண்டும். புனிதவதி தொட்டிக்கு நேரெதிரே உட்கார்ந்து, மடியில் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு, காற்று அடைத்து வாய் கட்டிய அந்தப் பாலிதீன் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஆறு டெட்ரா மீன்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், முதுகோரம் ஒரு நீலக்கோடு, வால்பக்கம் சிவப்பு. பைக்குள் இருக்கும் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும், அதற்குத்தான் இந்த மிதப்பு. வந்துவிட்டதென்று எப்படித் தெரியும்? விரலை விட்டுப் பார்க்கலாமா? விரலில் பாத்திரச் சோப்பு ஒட்டியிருந்தால்? சாம்பாரின் எண்ணெய்? வேண்டாம். பேருந்தில் வரும்போது பையை இரண்டு கையாலும் ஏந்தி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள், அந்தச் சூட்டிலேயே அதுகள் வெந்துபோயிருக்குமோ என்று இப்போது புதிதாக ஒரு பயம் கிளம்பியது. வேகவில்லை, நீந்துகின்றன, கண்ணெதிரே நீந்துகின்றன. நீந்துவது நல்ல நீச்சலா, தவிப்பா? மீனின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், உறையூரில் அந்தத் தெருவே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தது. கீழ்வீட்டில் பாத்திரம் விளக்கும் சத்தமும் ஓய்ந்துவிட்டது. மோட்டார் தண்ணீருக்குள் காற்றைத் தள்ளும் குமிழிச் சத்தம் ஒன்றுதான் மிச்சம், அதுவும் அவள் காதுக்குப் பழகிவிட்டது. மின்சாரம் போய் அது நின்றால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும். சகுந்தலாவின் தும்மலும் அப்படித்தான். காலையில் எழுந்ததும் அடுக்காக நாலைந்து தும்மல், தூசி ஒத்துக்கொள்ளாது அவளுக்கு, பத்தொன்பது வருஷமாகத் தினமும் கேட்டது. கேட்டதே தெரியாமல் கேட்டது. பிறகு ஒரு காலையில் எழுந்து பல் தேய்த்து, பால் காய்ச்சி, டம்ளரில் ஊற்றும்போது, என்னமோ விட்டுப்போய்விட்டதே, கேஸை மூடவில்லையா, குழாயை மூடவில்லையா என்று வீடு முழுக்கத் தேடினாள்.

பத்தொன்பது வருஷம். இரண்டு பேரும் நில அளவை அலுவலகத்தில் உதவியாளர்கள், இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, சகுந்தலா மூன்று வயது மூத்தவள் என்றாலும் வாடி போடி பழக்கம். ஆளுக்கொரு ஹாஸ்டலில் கிடப்பானேன் என்று சேர்ந்து எடுத்த மாடிப் போர்ஷன் இது. ஒரு வருஷம் இருந்து பார்ப்போம் என்றுதான் எடுத்தார்கள். அந்த ஒரு வருஷம் எப்போது முடிந்தது என்று இருவரும் கவனிக்கவில்லை. அப்புறம், ஐம்பத்திரண்டு வயதில், சகுந்தலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கரூர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார், மனைவி தவறிப்போனவர், வளர்ந்த பையன் ஒருவன். அலுவலகமே சந்தோஷப்பட்டது. புனிதவதியும் சந்தோஷப்பட்டாள், பொய்யில்லை, கூறைப்புடவைக்குக் கடை கடையாக ஏறியவளே அவள்தான். கரூர்க் கோயில் மண்டபத்தில் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தபோது போட்டோக்காரர் கேட்டார், "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்மா?" யாரை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதற்காகக் கேட்டார், வேறொன்றுமில்லை. "கூட வேலை பாக்கறேன்" என்றாள். கூட வேலை பார்க்கிறேன். அப்படித்தானே சொல்ல முடியும், வேறு என்ன சொல்வது? கூட வேலை பார்க்கிறவர்கள் கடைசி வரிசையில் நின்றார்கள், அவளும் நின்றாள், அந்தப் படத்தில் அவள் பாதி முகம் ஒரு பெரியப்பாவின் தலைப்பாகைக்குப் பின்னால் இருக்கிறது. புருஷன் செத்தால் துக்கம் கேட்க வருவார்கள். மகள் புக்ககம் போனால் அம்மா அழலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கூட வேலை பார்க்கிறவள் கல்யாணம் செய்துகொண்டு போனால் அதற்கு என்ன விடுப்பு? திங்கட்கிழமை எப்போதும்போல வேலைக்குப் போனாள். "ரூம்மேட் போயிட்டாங்களா, இனிமே ஜாலிதான் உங்களுக்கு, வீடு பூரா நீங்க மட்டும்" என்றார் சூப்பிரண்டென்ட். ஆமாம் சார் என்று சிரித்தாள். வீடு பூரா அவள் மட்டும். பை லேசாகத் திரும்பியது. மோட்டார் கிளப்பிய நீரோட்டம் அதைத் தொட்டியின் இடது மூலைக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. ஆறும் ஒரே பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தன. எண்ணினாள், ஐந்து வந்தது. பதறி மறுபடி எண்ணினாள், ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்திருந்தது.

மீன் வளர்க்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. மீன் வாடையே ஆகாது. பக்கத்து வீட்டில் வறுத்தால் ஜன்னலைச் சாத்துகிற ஆள். எல்லாம் கடைவாய்ப் பல்லால் வந்தது. ரூட் கெனால் செய்யப் போன இடத்தில் கூட்டம், டாக்டர் வர நேரமாகும் என்றார்கள், எதிரே சுவரோரம் ஒரு மீன்தொட்டி. வேறு எங்கே பார்ப்பது என்று அதைப் பார்த்தாள். ஒரு மீன் செடிக்குள் போயிற்று, வந்தது. இன்னொன்று தரையில் கல்லைக் கல்லாக வாயில் எடுத்துத் துப்பிக்கொண்டிருந்தது, என்ன தேடுகிறதோ, கிடைக்கவில்லைபோல, அடுத்த கல். பெயரைச் சொல்லி அழைத்தபோதுதான் வந்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது தெரிந்தது. அதைவிட, அந்த ஒன்றரை மணி நேரத்தில் சகுவை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது உறைத்தது. ஊசி போட வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போது உறைத்தது. கண்ணோரம் வழிந்ததை டாக்டர் வலி என்று நினைத்துக்கொண்டு இன்னொரு ஊசி போட்டார். அன்றைக்கே, பாதி வாய் மரத்துப்போன நிலையில், சாலை ரோட்டில் மீன்கடையைத் தேடிக் கண்டுபிடித்தாள். அன்சாரி பாய் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தொட்டியை வாங்கிட்டுப் போங்க, தண்ணியை நிரப்பி மோட்டாரை ஓட விடுங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க, மீன் தர்றேன் என்றார். "மீன் இல்லாம வெறும் தொட்டிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று குழறிக் குழறிச் சண்டை பிடித்தாள். வெறும் தொட்டியோடு வீட்டுக்குப் போக முடியாது என்பதை அந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது? வீட்டில் வெறுமையாக இருப்பது போதாதா, கண்ணாடி போட்டு ஒன்றை வாங்கி வேறு வைக்க வேண்டுமா? அவர் தோளைக் குலுக்கிவிட்டு நாலு தங்கமீனைப் பிடித்துக் கொடுத்தார். நாலும் வீட்டுக்கு வந்த அன்று மாலை எவ்வளவு அழகாக இருந்தன. குழாய்த் தண்ணீரைப் பிடித்த கையோடு ஊற்றினாள், பையை அறுத்து அப்படியே கவிழ்த்தாள், பசிக்குமே என்று தீனியை அள்ளி அள்ளிப் போட்டாள். தண்ணீர் கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஏதோ பேச வருகின்றன என்று நினைத்தாள், பதிலுக்கு ஏதோ பேசினாள்கூட. மூச்சுக்குத் தவித்திருக்கின்றன. முதல் மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. கடைசி மீன் மட்டும் சில நாள் கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையில் அசையாமல் நின்றது. அதற்காக அவள் உடம்பு சரியில்லை என்று அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னாள். கல்யாணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை எடுக்காத விடுப்பை ஒரு மீனுக்காக எடுத்தாள். அது போன பிறகு செம்பருத்தித் தொட்டியில் மண்ணைக் கிளறிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவாமல் அந்த மாடிச் சுவரில் சாய்ந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். என் கைக்கு எதுவும் நிற்காது. அப்படித்தான் தோன்றியது. இப்போதும், இதோ இந்தப் பை கட்டவிழ்க்காமல் மிதக்கும்வரை ஒன்றும் ஆகாது, அவிழ்த்தால்தான் ஆரம்பிக்கும் என்று தோன்றியது.

அவிழ்த்துத்தான் ஆகவேண்டும். நேரம் ஆகிவிட்டது. முடிச்சைக் கத்தரித்து, பையின் வாயை மடித்துத் தொட்டியின் விளிம்போடு துணிக் கிளிப் போட்டு நிறுத்தினாள். தொட்டியிலிருந்து கால் டம்ளர் மொண்டு பைக்குள் மெல்ல விட்டாள். சற்று நேரம் விட்டு மறுபடி கால் டம்ளர். இந்தத் தண்ணீரின் ருசி அதுகளுக்குப் பழகவேண்டும். பழகுமா? இது ஒரு மாதம் வெறுமனே ஓடிய தண்ணீர். நாலு மீனும் செத்த பிறகு கடைக்குப் போய் நின்றபோது பாய் கோபிக்கவில்லை, "புதுத் தண்ணியில அதோட கழிவே அதுக்கு விஷமாயிடும்மா" என்றார். "அந்தக் கழிவத் தின்னுறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்கு. அதுங்க முதல்ல தொட்டியில குடியேறணும். மோட்டார் ஓடட்டும், தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க, அது ஊறிக் கெடும்ல, அதத் தின்னு அதுங்க பெருகும்." "மீனே இல்லாம தீனியா?" "ஆமாம்மா. வெறும் தண்ணிக்குத்தான்." அந்த ஒரு மாதம் காலையில் குளித்துவிட்டு வந்து ஒரு சிட்டிகை எடுத்து வெறும் தண்ணீருக்குப் போட்டாள். செதில் செதிலாக அது இறங்கும், யாரும் வரமாட்டார்கள், மணலில் போய் உட்காரும். ஒருநாள் வாடகை விஷயமாக மேலே வந்த வீட்டுக்காரம்மா ரங்கநாயகி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். "மீனையே காணோமே, யாருக்குப் போடற புனிதா?" "உள்ள இருக்குக்கா, கண்ணுக்குத் தெரியாது." ரங்கநாயகி தொட்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி தொட்டியைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் ஒரு கிண்ணம் புளியோதரை மேலே வந்தது. அதற்கு முன் வந்ததில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். ஆனால் இருக்கிறதா, உண்மையிலேயே உள்ளே ஏதாவது குடியேறியிருக்கிறதா? தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. முன்பும் முதல் நாள் தெளிவாகத்தான் இருந்தது. இன்னொரு கால் டம்ளர். பை கனத்து விளிம்பில் தொங்கியது. ஆறும் அதன் அடிமூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டன. ஒண்ணு ரெண்டுன்னு வாங்காதீங்க, கூட்டமாவே இருக்கற சாதி, தனியா விட்டா பயத்துலயே செத்துடும் என்று பாய் சொன்னபோது அவள் அவசரமாகத் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அப்போது போன் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சகு கூப்பிடுவாள். அதற்காகவே புனிதவதி மற்ற வாரங்களில் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இன்றைக்கு அது அடுக்களையில் கிடந்தது, எடுத்து வரவேண்டியிருந்தது. "என்னடி, ஏன் இவ்ளோ நேரம்? சாப்ட்டியா?" "ம், நீ?" "இன்னிக்கு இவரு சமையல். ரசத்துல உப்பே இல்ல, சொன்னா மூஞ்சிய தூக்கி வெச்சுக்கறாரு" என்று சகுந்தலா சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிஜச் சிரிப்பு, அதில் கலப்படம் இருந்தால் புனிதவதிக்குத் தெரிந்துவிடும், கலப்படம் இல்லை. ஒவ்வொரு வாரமும் அந்தக் குரலில் ஒரு கீறலைத் தேடியிருக்கிறாள், இங்க புடிக்கலடி என்று ஒரே ஒரு தரம் சொல்லிவிடமாட்டாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள், பிறகு அதை நினைத்துத் தன்மேலேயே அருவருப்பு வந்து இரவுச் சாப்பாடு இறங்காமல் படுத்திருக்கிறாள். கால் டம்ளர் மொண்டு பைக்குள் விட்டாள். "அது சரி, அந்த தேக்கு மேசை இருக்குல்ல, என்னோடது, இவரு பையன் இப்ப வீட்டுலயே உக்காந்து வேலை பாக்கறான், ஒரு மேசை வேணும்னான். அது சும்மாதானே கெடக்கு? அடுத்த வாரம் வண்டி அனுப்பட்டுமா?" புனிதவதி மேசையைப் பார்த்தாள். சகுவின் அப்பா போட்ட மேசை, கட்டில் போய், பீரோ போய், தையல் மெஷின் போய், கடைசியாக இங்கே தங்கிப்போனது அது ஒன்றுதான். தண்ணீரின் கனத்தை வேறு எதுவும் தாங்காது என்று அதன்மேல்தான் தொட்டியை ஏற்றியிருந்தாள். சகு கேட்டு எதையும் இல்லை என்று சொன்னதில்லை. கல்யாணம் பண்ணிக்கட்டுமாடி என்று கேட்டபோதுகூடச் சொல்லவில்லை. "குடுக்க முடியாது சகு." "என்னது?" "மேசையக் குடுக்க முடியாது. அதுமேல தண்ணி இருக்கு." "தண்ணியா? ஒழுகுதா மாடி?" "இல்ல. தொட்டி. மீன் வளக்கறேன்." "மீனா? நீயா? வாடையே ஆகாதேடி உனக்கு." "இது வாடை வராது." "எத்தன நாளா?" "ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு." "வாரா வாரம் பேசறோம், எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ." சொல்லவில்லைதான். ஏன் சொல்லவில்லை? செத்துப்போனதைச் சொல்லவேண்டி வரும் என்பதாலா, இல்லை, சொன்னால் சமாளித்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்துவிடுவாளே, அப்படி அவள் நிம்மதியாகிவிடக்கூடாது என்பதாலா? சகுந்தலாவின் குரலில் இத்தனை மாதமாகத் தேடிய கீறல் இப்போது இருந்தது, தேடாதபோது இருந்தது. கீறியவள் தான்தான். சந்தோஷப்பட முடியவில்லை. "எனக்கு இங்க..." என்று சகுந்தலா ஆரம்பித்தாள். பின்னால் ஓர் ஆண்குரல் அவள் பேரைச் சொல்லி எதையோ எங்கே என்று கேட்டது. "மேல் தட்டுல இருக்கு பாருங்க" என்றாள் அந்தப் பக்கம் திரும்பி. "சரிடி, வெச்சுக்கோ. வண்டி அனுப்பல." எனக்கு இங்க, அப்புறம் என்ன? எனக்கு இங்க பொழுதே போகலையா, எனக்கு இங்க யாரும் இல்லையா, எனக்கு இங்க எல்லாம் நல்லா இருக்கா? முன்பானால் அந்த மூன்றாவது வார்த்தைக்காக உயிரை விட்டிருப்பாள். பைக்குள் ஒரு மீன் மேலே வந்து நீர்மட்டத்தில் வாயைத் திறந்து மூடியது. அந்த வாயைத் திறப்பது என்னவென்று இப்போது அவளுக்குத் தெரியும். "சகு, நான் அப்புறம் பேசறேன். பைத் தண்ணியில காத்து இல்ல, இவங்கள விடணும்." வைத்துவிட்டாள். அவளாக முதலில் வைத்தது இதுதான் முதல் தடவை என்பது வைத்த பிறகுதான் தெரிந்தது, அதைப் பற்றி யோசிக்கக் கை ஓயவில்லை.

கடைத்தண்ணீரைத் தொட்டியில் கொட்டக்கூடாது, வலையால்தான் எடுத்து விடவேண்டும். வலையைப் பைக்குள் இறக்கினாள். முதலில் இரண்டு சிக்கின, தொட்டிக்குள் வலையைக் கவிழ்த்ததும் இரண்டு நீலக்கீற்று, அவ்வளவுதான், கல்லுக்குப் பின்னால் போய்விட்டன. அப்புறம் ஒன்று. அப்புறம் இரண்டு. கடைசி மீன் வலைக்கு வரமாட்டேன் என்று மூலை மூலையாக ஓடியது, பிடித்துத் தூக்கியதும் துள்ளி, விளிம்பைத் தாண்டி, மேசைமேல் விழுந்து, மரப்பலகையில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஐயோ என்று ஒரு சத்தம் வந்தது, அவள் சத்தம்தான். வலையைப் போட்டாள், சோப்பும் எண்ணெயும் எல்லாம் மறந்துபோயிற்று, டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு இரண்டு உள்ளங்கையையும் குவித்து அதை அள்ளினாள். எடையே இல்லை. ஆனால் துடித்தது, உள்ளங்கையின் நடுவில், நாடி பார்க்கும்போது விரலுக்குக் கீழே துடிக்குமே அதுபோல, இன்னும் வேகமாக. உயிருள்ள ஒன்று அவள் கையில் பட்டு எத்தனை மாதம் ஆகிறது? பேருந்தில் சில்லறை கொடுக்கும் கண்டக்டரின் விரல் நுனி, ஊசி போட்ட பல் டாக்டரின் உறை மாட்டிய கை. சகு கிளம்பும் நாளில் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, வாசலில் எல்லாரும் நின்றார்கள், கார்க்காரர் ஹாரன் அடித்தார், கையைக்கூடப் பிடிக்கவில்லை. கையோடு தண்ணீருக்குள் இறக்கி மெல்ல விரித்தாள். அது உடனே போகவில்லை. விரிந்த கைமேல், ஒரு கணம், தன் இடம் அதுதான் என்பதுபோலச் சாய்ந்து கிடந்தது, செவுள் மட்டும் திறந்து மூடியது. போ என்றாள். போ, உள்ளே இருக்கிறார்கள், போ. வால் ஒரு தரம் அசைந்தது, நிமிர்ந்தது, கோணலாக நீந்திக் கல்லின் இருட்டுக்குள் போய் மறைந்தது. அவள் கையை எடுக்காமல் முழங்கைவரை நனைந்தபடி நின்றிருந்தாள்.

இன்னிக்கு முழுக்க விளக்குப் போடாதீங்க, வெளிச்சம் கண்டா மிரளும், இருட்டுல கிடந்தாத்தான் பயம் தெளியும் என்று பாய் சொன்னதை எல்லாவற்றுக்கும் கடைசியாக நினைத்துக்கொண்டு, தொட்டி விளக்கை அணைத்தாள், ஜன்னல் கதவைச் சாத்தினாள், இடுக்கில் வந்த வெயிலைப் போர்வை தொங்கவிட்டு மறைத்தாள். மின்விசிறியைக் குறைத்தாள். அது எதற்கென்று தெரியவில்லை, குறைக்கவேண்டும் போலிருந்தது. தரையில் சிந்திய தண்ணீரைச் சத்தமில்லாமல் துடைத்தாள். தொட்டியில் ஒன்றும் தெரியவில்லை. மீன் இருக்கும் தொட்டியும் மீன் இல்லாத தொட்டியும் இருட்டில் ஒரே மாதிரிதான் இருந்தன. சாயங்காலம் மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு திரும்பிய ரங்கநாயகியின் செருப்புச் சத்தம் தடதடவென்று வந்து கதவருகே நின்றது. "என்ன புனிதா, கதவ சாத்தி இருட்டுல உக்காந்திருக்க? உடம்புகிடம்பு சரியில்லையா?" புனிதவதி எழுந்து போய் வாயில் விரலை வைத்தாள். "மெதுவாப் பேசுங்கக்கா. இன்னிக்குத்தான் வந்திருக்காங்க. பயந்து போயிருக்காங்க." ரங்கநாயகி சட்டென்று செருப்பைக் கழற்றினாள். துணிமூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள், ஒன்றும் தெரியாவிட்டாலும் தெரிந்தமாதிரித் தலையை ஆட்டினாள். "இந்தத் தடவ கண்ணுக்குத் தெரியறதுதானே?" என்று ரகசியமாகக் கேட்டாள். "தெரியறதுதான்." "அப்ப காலையில வந்து பாக்கறேன்" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கிப் போனாள். புனிதவதி திரும்ப வந்து உட்கார்ந்தாள். மேசைமேல் விழுந்தது, அந்த ஒன்று, கல்லுக்குப் பின்னால் மூச்சு விடுகிறதா, சாய்ந்துவிட்டதா? பார்த்தால் தெரிந்துவிடும். டார்ச் விளக்கு கைக்கு எட்டும் தூரத்தில் ஜன்னல் மாடத்தில்தான் இருந்தது. ஒரே ஒரு தரம், விரலால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, ஒரே ஒரு நொடி. அதற்குப் பயமாக இருக்கும். அவள் டார்ச்சை எடுக்கவில்லை.